தாய் சேய் போஷாக்கு: அறிவு உண்டு, தலைமைத்துவம் வேண்டும்

எமது நாட்டின் தாய் சேய் நலச் சேவையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் பெருமையுடன் எடுத்துக்காட்டும் உண்மை ஒன்றுண்டு. 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2000க்கும் அதிகமான தாய்மார் மரணமடைந்த இந்நாட்டில், அண்மைய ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 30 என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டதும், இலவச மருத்துவமும் இலவசக் கல்வியும் கிராமங்களைச் சென்றடைந்ததும், குடும்பநல உத்தியோகத்தர்கள் மழையென்றும் வெயிலென்றும் பாராது வீடு வீடாக நடந்து சென்றதுமே இந்தச் சாதனைக்கு அடித்தளமாக அமைந்தன. நம்மை விடச் செல்வம் படைத்த நாடுகள் பலவும் இதனை வியப்புடன் நோக்குகின்றன என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், பிரசவத்தில் உயிர் தப்பிய அதே தாயும் அவள் பெற்றெடுத்த அதே பிள்ளையும் உண்ணும் உணவைப் பற்றிக் கேட்கும்போது இந்தப் பெருமை மங்கிவிடுகின்றது. 2016ஆம் ஆண்டின் குடிசன மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 15 சதவீதமானோர் உயரத்துக்கேற்ற நிறையின்றியும், ஏறத்தாழ 21 சதவீதமானோர் வயதுக்கேற்ற நிறையின்றியும் இருந்தனர். பெருந்தோட்டத்துறையில் வயதுக்கேற்ற உயரமற்ற பிள்ளைகளின் வீதம் ஏறத்தாழ 32 ஆகும். அதாவது மலையகத் தோட்டங்களில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை என்ற நிலை.

இதைவிடக் கவலைக்குரியது இன்னொன்று. 2006/2007ஆம் ஆண்டு நடத்தப்பட்ட முந்திய ஆய்விலும் இந்த எண்கள் கிட்டத்தட்ட இவ்வாறே இருந்தன. அப்போது வட மாகாணம் ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பது உண்மையே. எனினும், நாடு தழுவிய படம் மாறவில்லை. இடைப்பட்ட காலத்தில் யுத்தம் முடிவுக்கு வந்தது, வீதிகள் போடப்பட்டன, நாட்டின் தலாவருமானம் உயர்ந்தது. ஆனால் பிள்ளைகளின் நிறையும் உயரமும் அசையவில்லை. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கடந்தும் ஓர் எண் நகராமல் நிற்கிறது என்றால், அதற்கான காரணத்தைத் தேடுவது எமது கடமையாகும்.

அறிவு இல்லாமையா காரணம்? அவ்வாறு கூற முடியாது. கருவுற்ற நாளிலிருந்து பிள்ளையின் இரண்டாவது பிறந்த தினம் வரையிலான ஆயிரம் நாட்களே ஒரு மனிதனின் வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதை எமது சுகாதாரத் துறையினர் நன்கறிவர். நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இருதய நோயும் ஏற்படும் அபாயம் அதிகம் என்பதும் பல தசாப்தங்களாக அறியப்பட்ட விடயமே. 1973ஆம் ஆண்டு முதல் திரிபோஷா வழங்கப்பட்டு வருகின்றது. கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்படுகின்றது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வளர்ச்சி வரைபு கொண்ட பதிவேடு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் போஷாக்கு மாதமாக அனுஷ்டிக்கப்படுகின்றது. திட்டங்களும் கொள்கைகளும் எம்மிடம் குறைவில்லை.

எனவே குறைபாடு வேறெங்கோ உள்ளது. அறிந்ததை நடைமுறைப்படுத்துவதற்காகப் பல கைகளை ஒன்றுசேர்க்கும் ஆற்றல், அதாவது தலைமைத்துவம், போதியளவு வளர்க்கப்படவில்லை என்பதே எமது கருத்தாகும். தலைமைத்துவம் என்றவுடன் மேடையும் மாலையும் நினைவுக்கு வரலாம். நாம் இங்கு குறிப்பிடுவது அதுவன்று. தனக்கு நேரடி அதிகாரம் இல்லாத இடத்திலும் மற்றவர்களை இணங்கச் செய்து, ஒரு பிள்ளையின் தட்டில் உணவு வந்து சேரும்வரை ஓயாதிருக்கும் பயிற்றப்பட்ட திறனையே நாம் குறிப்பிடுகின்றோம்.

வைத்தியசாலையில் பணியாற்றும் போஷாக்கு ஆலோசகர் தம் முன் வரும் ஒரு நோயாளிக்கு எதை உண்ண வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று கூறுகின்றார். பொதுச் சுகாதாரப் போஷாக்கு நிபுணரின் பணி அதுவன்று. ஒரு பிரதேசத்தின் அனைத்துத் தாய்மாரும் பிள்ளைகளுமே அவரது பொறுப்பு. அவர்களில் பலர் அவரிடம் வரவே மாட்டார்கள். அவர்கள் ஏன் போதியளவு உண்ணவில்லை என்பதற்கான காரணங்களிலும் பெரும்பாலானவை சுகாதாரத் திணைக்களத்துக்கு வெளியிலேயே இருக்கும்.

உதாரணத்துக்கு ஒரு தேயிலைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய், தன் சிசுவைப் பிள்ளைக் காம்பரா எனப்படும் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு மலையேறுகின்றாள். அவள் கொழுந்து பறிக்கும் மலை தூரத்தில் இருந்தால் பாலூட்ட இடையில் இறங்கி வர முடியாது. காலையில் கோதுமை மா ரொட்டியும் சாயத் தேநீரும் அவளது உணவு. உணவுடன் சேர்த்து அருந்தும் தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடுகின்றது. லயத்துக்கு வரும் குழாய் நீர் சுத்தமற்றதாயின் பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றோட்டம் ஏற்பட்டு, உண்டதும் உடலில் ஒட்டுவதில்லை. வீட்டுக்குக் கொண்டு செல்லும் திரிபோஷா பொதியோ பெரும்பாலும் வீட்டிலுள்ள அனைவருக்குமாகப் பங்கிடப்பட்டுவிடுகின்றது.

இங்கு வேலை நேரத்தைத் தீர்மானிப்பது தோட்ட நிர்வாகம். பிள்ளைக் காம்பராவுடன் தோட்ட நிர்வாகமும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் தொடர்புபட்டுள்ளன. குடிநீர் இன்னொரு நிறுவனத்தின் பொறுப்பு. நிவாரணக் கொடுப்பனவு பிரதேச செயலகத்தின் பொறுப்பு. குடும்பநல உத்தியோகத்தரின் கையிலிருப்பதோ தராசும் பதிவேடும் மாத்திரமே. பிள்ளையின் நிறை ஏறவில்லை என்பதை அவரால் வரைபில் குறிக்க முடியும். ஏன் ஏறவில்லை என்பதற்குப் பொறுப்பான ஐந்து தரப்பினரை ஒரே மேசையில் அமர்த்துவதற்கு அவருக்கு எவரும் பயிற்சி வழங்கவில்லை, அதற்கான அதிகாரத்தையும் வழங்கவில்லை.

இத்தகைய பயிற்சி உலகில் புதியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1912ஆம் ஆண்டு சிறுவர் பணியகம் உருவாக்கப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தின் மத்தியில், 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அத்தியாயம் தாய் சேய் நலத்துக்கென மாநிலங்களுக்கு நிதி வழங்க வழிசெய்தது. சேவையை நடத்துவதற்கு நிதி மட்டும் போதாது, அதனை வழிநடத்தத் தெரிந்த ஆட்களும் வேண்டும் என்பது விரைவில் உணரப்பட்டது. அதன் விளைவாகப் பல்கலைக்கழகங்களில் மருத்துவர், தாதியர், சமூகப் பணியாளர், போஷாக்கு நிபுணர் ஆகியோருக்கான தாய் சேய் நலப் பயிற்சிநெறிகள் அச்சட்டத்தின் நிதியுதவியுடன் வளர்ச்சியடைந்தன. மினசோட்டாப் பல்கலைக்கழகம் போன்றவை தாய் சேய் பொதுச் சுகாதாரப் போஷாக்கில் தலைமைத்துவக் கல்விக்கெனவே தனியான நிலையங்களை அமைத்தன.

இப்பயிற்சிகளின் அடிப்படையாக அமைந்துள்ள தலைமைத்துவத் தகைமைகள் பன்னிரண்டு. அவை ஒன்றையொன்று சூழ்ந்த மூன்று வட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளன. முதலாவது வட்டம் தான், இரண்டாவது மற்றவர்கள், மூன்றாவது பரந்த சமூகம். ஒருவர் தன்னிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சமூகத்தை மாற்றும் நிலைக்கு வளர வேண்டும் என்பதே இதன் உட்பொருளாகும்.

முதலாவது வட்டத்தில் துறைசார் அறிவு, தன்னைத் தானே மீளாய்வு செய்தல், அறநெறி, ஆராய்ந்து சிந்தித்தல் ஆகியன அடங்குகின்றன. தன்னை மீளாய்வு செய்வதெனில் என்ன? நிறை குறைந்த பிள்ளையின் தாயைக் கண்டவுடன் அவளை அசிரத்தையானவள் என்று எண்ணிவிடும் மனப்போக்கு தன்னிடம் இருக்கின்றதா என ஓர் உத்தியோகத்தர் கேட்டுப் பார்ப்பதே அது. சிகிச்சை நிலையத்தில் பலர் முன்னிலையில் திட்டு வாங்கிய தாய், மறுமாதம் பிள்ளையை நிறுப்பதற்குக் கொண்டுவரத் தயங்குவாள். ஒரு சொல்லால் ஒரு பிள்ளை கண்காணிப்பிலிருந்து நழுவிவிடக்கூடும்.

இரண்டாவது வட்டத்தில் தொடர்பாடல், பேச்சுவார்த்தை நடத்தி முரண்பாடுகளைத் தீர்த்தல், பண்பாட்டை மதித்து நடத்தல், குடும்பங்களைப் பங்காளிகளாகக் கொள்ளல், பிறரைப் பயிற்றி வளர்த்தல், பல துறையினரும் கூடிய குழுவை உருவாக்கல் ஆகியன இடம்பெறுகின்றன. இவற்றை இயல்பாகவே அமைந்த குணங்கள் என்று நாம் விட்டுவிடுகின்றோம். ஆனால் அவை கற்பிக்கப்படக்கூடியவை. எதிர்த் தரப்பின் தேவை என்ன என்பதை முதலில் அறிந்துகொண்டு பேசத் தொடங்குபவர், தோட்ட முகாமையாளரிடம் பாலூட்டும் நேரத்தைக் கேட்டுப் பெறுவதற்கான வாய்ப்பு அதிகம். ஆரோக்கியமான தாய் வேலைக்குச் சமுகமளிக்கும் நாட்கள் கூடும் என்பதை முகாமையாளரின் கணக்கிலேயே காட்ட அவருக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது வட்டம் சமூகங்களுடனும் அமைப்புகளுடனும் இணைந்து பணியாற்றுவதும் கொள்கை வகுப்பதும் ஆகும். இதற்கு நல்லதோர் உதாரணம் அந்நாட்டில் வருமானம் குறைந்த கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிசுக்கள், ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவர்கள் ஆகியோருக்கான விசேட போஷாக்குத் திட்டமாகும். 1972இல் பரீட்சார்த்தமாக அனுமதிக்கப்பட்டு 1975இல் நிரந்தரமாக்கப்பட்ட அத்திட்டம், பல ஆண்டுகளாகப் பால், முட்டை, பாற்கட்டி, பழச்சாறு என்ற பழைய பட்டியலையே வழங்கி வந்தது. விஞ்ஞான ஆதாரங்கள் மீளாய்வு செய்யப்பட்டு, 2009ஆம் ஆண்டு அப்பட்டியல் மாற்றப்பட்டது. மரக்கறியும் பழங்களும் முழுத் தானியங்களும் சேர்க்கப்பட்டன. சோள ரொட்டி, தவிட்டரிசி, சோயாத் தயிர்க்கட்டி போன்ற பல்வேறு இனத்தவரின் உணவுகளுக்கும் இடமளிக்கப்பட்டது. இத்தகைய மாற்றத்துக்கு ஆராய்ச்சி அறிவு மட்டும் போதாது. ஆதாரத்தைச் சட்டத்தின் மொழிக்கும் வரவு செலவுத் திட்டத்தின் மொழிக்கும் மாற்றத் தெரிந்தவர்களும் தேவைப்படுகின்றனர்.

இப்பயிற்சி விரிவுரை மண்டபத்தில் முடிந்துவிடுவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மாணவர்கள் சுகாதாரத் திணைக்களங்களிலும் சமூக நிலையங்களிலும் களப்பணி புரிகின்றனர். அனுபவம் மிக்க ஒருவரின் வழிகாட்டலில் உண்மையான பிரச்சினை ஒன்றைக் கையாள்கின்றனர். வேறு துறை மாணவர்களுடன் சேர்ந்து கற்கின்றனர். ஐரோப்பாவில் 1994ஆம் ஆண்டு முதலும், ஆபிரிக்காவில் 2002ஆம் ஆண்டு முதலும் போஷாக்குத் துறையினருக்கென நடத்தப்பட்டு வந்த தலைமைத்துவப் பயிற்சிகள் இன்னொரு வழியைப் பின்பற்றின. அவற்றில் பல நாடுகளைச் சேர்ந்த இளம் நிபுணர்கள் சில நாட்கள் ஒன்றாகத் தங்கி, குழுவாக இயங்கக் கற்றுக்கொண்டனர். செல்வந்த நாட்டுக்கு மாத்திரமே உரியதென இதனை ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு ஆபிரிக்க அனுபவம் சான்றாகும்.

எமது நாட்டுக்கு வருவோம். இங்கு 350க்கும் மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் உள்ளன. சுமார் 3000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது கணிப்பு. தாய் சேய் போஷாக்கின் சுமை முழுவதும் பெரும்பாலும் இவர்களின் தோள்களிலேயே தங்கியுள்ளது. டெங்கு, தடுப்பூசி, பாடசாலைப் பரிசோதனை, உணவுப் பரிசோதனை என ஆயிரம் வேலைகளுக்கிடையே சுகாதார வைத்திய அதிகாரி போஷாக்கையும் கவனிக்க வேண்டும். வயம்பப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் போஷாக்குத் துறையில் பட்டம் பெற்று வெளியேறும் இளைஞர் யுவதிகள் உள்ளனர். ஆயினும் பிரதேச மட்டத்தில் இந்த ஆற்றல் முழுமையாகப் பயன்படுத்தப்படுவதாகக் கூற முடியாது.

அதேவேளை, தாய்க்கும் பிள்ளைக்கும் செல்லும் உதவிகளோ வெவ்வேறு வாசல்கள் வழியாகச் செல்கின்றன. திரிபோஷா சுகாதாரத் துறையினூடாக வழங்கப்படுகின்றது. கர்ப்பிணித் தாய்மாருக்கு மொத்தம் 20,000 ரூபா பெறுமதியான உணவுக் கொடுப்பனவாக 2015இல் ஆரம்பிக்கப்பட்ட திட்டம் மகளிர் விவகாரத்துக்குப் பொறுப்பான அமைச்சின் கீழ் வந்தது. வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும கொடுப்பனவு 2023 முதல் இன்னொரு கட்டமைப்பின் கீழ் இயங்குகின்றது. பாடசாலை உணவு கல்வித் துறையின் பொறுப்பு. இவற்றை இணைப்பதற்காகப் பல்துறைச் செயற்றிட்டங்கள் வரையப்பட்டன. ஆனால் காகிதத்தில் இணைந்த துறைகள், ஒரு கிராமத்தில் ஒரு பிள்ளைக்காக இணைவதற்கு அங்கே ஒரு மனிதர் வேண்டும்.

இணைப்பு இல்லாவிடின் என்ன நேரும் என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அது விவசாயம் சார்ந்த ஒரு தீர்மானம். ஆனால் சோளச் செய்கை வீழ்ச்சியடைந்தபோது, சோளத்தை மூலப்பொருளாகக் கொண்ட திரிபோஷாவின் உற்பத்தியும் பாதிக்கப்பட்டது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 சதவீதத்தைத் தொட்டு, முட்டையும் பால்மாவும் ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாக்கனியான அதே காலத்தில், பிள்ளைகளுக்கான பொதியும் கிடைக்காமற் போனது. உரம் பற்றிய கலந்துரையாடல் நடைபெறும் மேசையில் பிள்ளைகளின் உணவுக்காகப் பேச ஒரு குரல் இருந்திருக்க வேண்டும். அந்தக் குரலை உருவாக்குவதே தலைமைத்துவப் பயிற்சியின் நோக்கமாகும்.

தமிழ் பேசும் மக்கள் வாழும் பிரதேசங்களைப் பொறுத்தவரையில் இவ்விடயத்துக்கு மேலதிக முக்கியத்துவம் உண்டு. தாயின் மொழி அறியாத உத்தியோகத்தர் எத்துணை அர்ப்பணிப்பு உள்ளவராயினும், மாத்திரையைக் கொடுக்க முடியுமேயன்றி, அவள் அதனை ஏன் விழுங்காமல் வைத்திருக்கிறாள் என்பதைக் கேட்டறிய முடியாது. பிரசவத்தின் பின்னர் எமது வீடுகளில் கடைப்பிடிக்கப்படும் பத்தியத்தையும் அவ்வாறே நோக்க வேண்டும். சரக்குக் கறியும் மீனும் சேர்ந்த பத்தியம் தாய்க்கு நன்மையானது. பழமும் கீரையும் குளிர்ச்சி என்று விலக்கப்படும் பத்தியம் அவளைப் பலவீனப்படுத்துகின்றது. பத்தியத்தையே பழிப்பவரின் பேச்சை எந்த மாமியாரும் கேட்கமாட்டார். அதன் நல்ல பகுதியை மெச்சி, மற்றப் பகுதியைப் பாட்டியின் வாயாலேயே தளர்த்தச் செய்பவரே உண்மையான தலைவர்.

முஸ்லிம் தாய்மாரைப் பொறுத்தவரையில் ரமழான் மாதம் ஒரு முக்கிய காலமாகும். தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பைப் பிற்போடுவதற்கு மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. எனினும், குற்ற உணர்வினாலோ அறியாமையினாலோ அச்சலுகையைப் பயன்படுத்தத் தயங்குவோர் உள்ளனர். இதனைச் சுகாதார உத்தியோகத்தர் எடுத்துரைப்பதை விட, ரமழானுக்கு முன்னைய ஜும்ஆவில் பள்ளிவாசல் கதீப் எடுத்துரைப்பது பன்மடங்கு பயன் தரும். கதீபைச் சந்தித்து மரியாதையுடன் அந்த வேண்டுகோளை முன்வைக்கும் துணிவும் பக்குவமும் ஓர் இளம் உத்தியோகத்தருக்குத் தானாக வந்துவிடாது. அதற்கும் பயிற்சி வேண்டும்.

இவ்விடத்தில் எமது நாட்டின் பழைய சாதனையிலிருந்தே ஒரு பாடத்தை நாம் கற்றுக்கொள்ளலாம். இங்கு ஒரு தாய் பிரசவத்தின்போது மரணமடைந்தால் அது அறிவிக்கப்பட்டு, ஏன் நிகழ்ந்தது, எங்கே தாமதம் ஏற்பட்டது என ஆராயப்படுகின்றது. குடும்பநல உத்தியோகத்தர் முதல் விசேட வைத்திய நிபுணர் வரை ஒன்றாக அமர்ந்து கேள்விகளுக்குப் பதிலளிக்கின்றனர். தாய் மரணங்கள் குறைந்ததில் இந்த விசாரணை முறைக்குப் பெரும் பங்குண்டு. ஒரு பிள்ளையின் வளர்ச்சி நின்றுபோவது மரணம் அன்று. அதனாற்போலும் அது எவரையும் உலுக்குவதில்லை. ஆயினும், மூன்று மாதங்களாக நிறை ஏறாத ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே போன்றதொரு கேள்வி, பழி சுமத்தும் நோக்கமின்றி, பிரதேச மட்டத்தில் எழுப்பப்பட்டால் நிலைமை நிச்சயம் மாறும்.

அந்த வகையில் சில யோசனைகளை முன்வைக்க விரும்புகின்றோம். தாய் சேய் போஷாக்கில் பணியாற்றுவோருக்கான தலைமைத்துவப் பயிற்சி, களுத்துறையிலுள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகத்தின் அனுபவத்தைக் கொண்டு தமிழ், சிங்களம் ஆகிய இரு மொழிகளிலும் நடத்தப்பட வேண்டும். யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடங்களும் அதில் பங்கேற்கலாம். மருத்துவர்களுக்கு மாத்திரமன்றி, குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் போஷாக்குப் பட்டதாரிகளுக்கும் பிரதேச செயலக உத்தியோகத்தர்களுக்கும் அது ஒன்றாக வழங்கப்பட வேண்டும். ஒன்றாகக் கற்றவர்களே பின்னர் ஒன்றாகப் பணியாற்றுவர். பயிற்சியின் முடிவில் வழங்கப்படுவது சான்றிதழாக மாத்திரம் இருத்தலாகாது. தமது பிரதேசத்தில் ஒரு பிரச்சினையைத் தெரிந்தெடுத்து, வழிகாட்டி ஒருவரின் துணையுடன் ஓராண்டில் அதனைத் தீர்க்க முயன்ற அனுபவமே அதன் பெறுபேறாக வேண்டும்.

எவ்வாறாயினும், தலைமைத்துவம் சோற்றுக்கு மாற்றீடாகாது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. அரிசி வாங்கப் பணமில்லாத வீட்டில் எந்தப் பயிற்சி பெற்ற நிபுணரும் பிள்ளையின் நிறையை ஏற்றிவிட முடியாது. நியாயமான சம்பளமும், சுத்தமான நீரும், கட்டுப்படியான விலையும் அரசாங்கத்தின் பொறுப்பு. பயிற்சியைக் காரணம் காட்டி அப்பொறுப்பிலிருந்து எவரும் நழுவ இடமளிக்கக்கூடாது. இருக்கின்ற உதவி உரிய பிள்ளையைச் சென்றடைவதற்கும், இல்லாத உதவியை உரிய இடத்தில் கேட்டுப் பெறுவதற்கும் அந்தப் பிள்ளையின் சார்பில் ஒருவர் நிற்க வேண்டும் என்பதையே நாம் வலியுறுத்துகின்றோம்.

ஆயிரம் நாட்கள் என்பது மிகக் குறுகிய காலம். ஓர் அரசாங்கத்தின் பதவிக்காலத்தை விடவும் குறுகியது. அதற்குள் தவறவிடப்பட்ட வளர்ச்சியைப் பின்னர் முழுமையாக ஈடுசெய்வது கடினம். தாய்மாரின் உயிரைக் காப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் வீடு வீடாக ஆட்களைப் பயிற்றி அனுப்பிய இந்நாடு, அவர்களின் பிள்ளைகள் உரிய உயரத்துக்கு வளர்வதற்காகவும் ஆட்களைப் பயிற்ற முன்வர வேண்டும். சுகாதார அமைச்சும் மாகாண நிர்வாகங்களும் இது குறித்துக் காலந்தாழ்த்தாது கவனம் செலுத்த வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.